கையில் எடுக்காத குஞ்சு

வயல் மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோன நாள் அது. முத்துவேல் வாசல் வேப்பமரத்தடியில் நின்றபடி, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, உத்திரமேரூரில் காயில் கட்டுகிறவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். மார்கழிப் பயிர் பால் பிடிக்கிற நேரம். நாலு நாள் தண்ணீர் காணாவிட்டால் கதிரெல்லாம் பதராகிவிடும். அந்தக் கவலையில் இருந்தவரிடம்தான் மகள் கீர்த்தி பின்னாலிருந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, அதில் நின்றிருந்த குஞ்சை முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நைனா, இது பொட்டதானே? பாத்துச் சொல்லேன்."

அவர் திரும்பினார். தடித்த இரண்டு மஞ்சள் கால்கள், நெஞ்சை நிமிர்த்திய நிற்பு. பார்த்தது அவ்வளவுதான். "சாவல்" என்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. அந்தப் பக்கத்தில் இருந்தவர் "இன்னாது?" என்று கேட்டார். "உன்ன இல்லப்பா. நீ சொல்லு, எப்ப வந்து கயட்டிக்கினு போற?" என்று இவர் விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தார். கீர்த்தி கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு குஞ்சை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஒரே ஒரு வார்த்தை. பேச்சுக்கு நடுவே இருமல் வருவதுபோல் வந்து விழுந்தது. வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் அன்று மாலைக்குள் காற்றில் போயிருக்கும். சொன்னது முத்துவேல் என்பதுதான் வினையாகப் போயிற்று.

கோழிக்குஞ்சில் ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்வதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெருநகர் என்கிற ஊரிலிருந்துகூடக் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். டீக்கடையில் அவருக்கு 'ஸ்கேன்' என்று பெயர். "டாக்டர் பாத்துச் சொன்னா ஜெயிலு, நம்ம ஸ்கேன் பாத்துச் சொன்னா டீ" என்று அங்கே எப்போதும் உட்கார்ந்திருக்கும் மோகன் கேலி செய்வான். அவன் வீட்டில் குஞ்சு பொரித்தால் முதலில் தூக்கிக்கொண்டு ஓடிவருவதும் இவரிடம்தான். ஊருக்காகப் பார்க்கும்போது முத்துவேல் பார்க்கிற அழகே வேறு. முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். குஞ்சை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையை அதன்மேல் கூடு போலக் கவிழ்த்து, நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறவரை பேசாமல் நிற்பார். அப்புறம் இறக்கையை விரித்து மெல்ல ஊதிப் பார்ப்பார். முதுகில் இறகு கட்டியிருக்கிறதா, வால் முளைத்துவிட்டதா, கொண்டையின் அடி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரலால் தடவுவார். பெட்டைக்குத்தான் இறகு முந்தி வரும், சேவல் குஞ்சு வெகுநாள் மொட்டை முதுகோடு திரியும் என்பது அவர் கணக்கு. "காலப் பாத்து ஏமாந்துடாத. தீனி நல்லா தின்னா யாருக்கும்தான் காலு தடிக்கும்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவரேதான்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள். ஊரார் குஞ்சுக்கெல்லாம் கை கழுவிய மனுஷன், பெற்ற மகள் நீட்டியதைக் கையில்கூட வாங்கவில்லை.

கீர்த்தி ஆறாவது படிக்கிறாள். அந்தக் குஞ்சு அவளுக்கு வந்து சேர்ந்ததே ஒரு கதை. கார்த்திகை மழை முடிகிற சமயம் வைக்கோல்போருக்கு அடியில் பொரித்த பதினொன்றில், தாய்க்கோழியையும் பத்துக் குஞ்சுகளையும் ஒரே மதியத்தில் கீரி முடித்துவிட்டது. வைக்கோலுக்குள் ஒண்டிக்கொண்டு தப்பித்தது இது ஒன்றுதான். பழைய பெயிண்ட் வாளியில் சாக்கு விரித்து, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டு, சோளத்தை மிக்சியில் நொறுக்கி ஊட்டியே வளர்த்தாள். அதனால் அதற்குப் பெயரும் சோளம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோவின் சத்தம் கேட்டால் தெருமுனை வரைக்கும் ஓடும். அவள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் நோட்டின்மேல் ஏறி நின்று பேனாவைக் கொத்தும். கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் அதன் கால் தடம்தான், டீச்சர் இரண்டுமுறை சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார். பெட்டை என்றால் வீட்டோடு இருக்கும், முட்டை வைக்கும், அடை காக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சேவலின் ஆயுசு அடுத்த விசேஷம் வரைக்கும்தான் என்பதும் தெரியும். கிராமத்துப் பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அன்றைக்குக் கேட்டாள்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மாத்திரையில் தணிந்தது, இரண்டாம் நாள் தணியவில்லை. உத்திரமேரூரில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, டெங்கு என்று செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தத்தில் பிளேட்லெட் நாற்பதாயிரம் என்றார்கள். மறுநாள் காலையில் இருபத்திரண்டாயிரம் என்றார்கள். முத்துவேலுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாது. நர்சம்மா அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போன விதத்தில் எல்லாம் தெரிந்தது. வராண்டாவுக்கு வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் ஊரில் பிள்ளைக்கு நோவு என்றால், அந்தப் பிள்ளையின் கையால் இரை தின்ற உயிரைத்தான் ஏரிக்கரைப் பொன்னியம்மனுக்கு நேர்ந்துவிடுவார்கள். ஆனால் பொன்னியம்மன் பெண் உயிர் வாங்கமாட்டாள். எந்தக் காலத்திலோ யாரோ தெரியாமல் பெட்டையை அறுத்துவிட, அந்த வருஷம் ஏரி உடைந்தது என்று சொல்வார்கள். அதிலிருந்து, கத்தியை எடுப்பதற்கு முன்னால் பூசாரி "இன்னா உசுரு?" என்று கேட்பார். நேர்ந்துவிட்டவர் "சாவ உசுரு", அதாவது சேவல்தான், என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேர்ந்துவிட்ட குஞ்சு வளர்ந்து பெட்டையாகிப் போனால் அதில் பாவம் ஒன்றுமில்லை. எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று அம்மன் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு பொங்கல், ஒரு மஞ்சள் புடவை, அதோடு சரி. அந்தக் கோழியை அதற்கப்புறம் யாரும் தொடமாட்டார்கள், தானாகச் சாகிறவரை அந்த வீட்டில் வளையவரும். ஆனால் ஊரில் அப்படி நடந்து ரொம்பக் காலம் ஆகிவிட்டது. முத்துவேல் பார்த்துச் சொல்ல ஆரம்பித்த பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட நடக்கவில்லை. நேர்ந்துவிடுகிறவர்கள் அவரிடம் காட்டிவிட்டுத்தான் நேர்வார்கள்.

மார்கழியில் வேப்பமரத்தடியில் 'பொட்ட' என்று சொல்லியிருந்தால், அந்த வராண்டாவில் சோளத்தின் நினைப்பே அவருக்கு வந்திருக்காது. புடவை சாத்துகிறேன், மொட்டை போடுகிறேன் என்று வேறு எதையாவது வேண்டியிருப்பார். வந்தது சோளத்தின் நினைப்புதான். "எம்மா, பொன்னி, எம்பொண்ண வுட்டுடு. வூட்ல அவ கையால தின்ன சாவல் ஒண்ணு கீது, அத்த எடுத்துக்கோ" என்று பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு அழுதார். கோயில் பூசாரி செங்கேணிக்கும் போன் செய்து சொன்னார். பக்கத்து வீட்டு தேவகிக்குச் சொல்லி, குஞ்சின் காலில் மஞ்சள் துணி கட்டவைத்தார். மறுநாள் முப்பத்தைந்தாயிரம் என்றார்கள், அதற்கு மறுநாள் எழுபது. மருந்தா, அம்மனா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறியதும் உண்மை, வேண்டிக்கொண்டதும் உண்மை.

வீடு திரும்பிய கீர்த்தி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சோளம் ஓடிவந்தது. அவள் குனிந்தாள், காலில் மஞ்சள் துணியைப் பார்த்தாள், நிமிர்ந்தாள். அப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். அன்றிரவு அம்மா சுதா கஞ்சி ஊட்டும்போது அவளிடம் மட்டும் கேட்டாள்: "என்ன ஏம்மா யாரும் ஒரு வார்த்த கேக்கல?" உனக்கு அப்போது நினைவே இல்லையடி என்று சொல்லலாம்தான். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று தாய்க்குத் தெரிந்தது.

மாசி பாதியில் சோளத்தின் முதுகு வழவழவென்று இறகு கட்டிக்கொண்டது. வால் வளையாமல் அடக்கமாக நின்றது. கொண்டை வளரவே இல்லை, ஒரு பருப்பு அளவில் வெளிறி நின்றது. மோகன் வீட்டில் அதே வாரத்தில் பொரித்த சேவல் குஞ்சு, தொண்டை கட்டிய கிழவன் மாதிரி கரகரவென்று கூவிப் பழக ஆரம்பித்துவிட்டது. சோளம் வாயைத் திறக்கவில்லை.

சுதாதான் முதலில் சொன்னாள். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே, ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அது பொட்டங்க. ஒருவாட்டி கைல எடுத்துப் பாருங்களேன்."

"எனக்கே சொல்றியா? லேட்டா வர்ற சாவல் அது. எல்லாம் கூவும்."

தான் பிடித்த முயலுக்கு மூணே கால். டீக்கடையில் மோகன், "இன்னா ஸ்கேனு, உங்க வூட்டு சாவல் இன்னும் கூவலியாமே, வெக்கப்படுதா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தான். "என் வாக்கு பொய்யாச்சின்னா மீசைய எடுத்துட்டு ஊரச் சுத்தி வர்றண்டா" என்று முத்துவேலும் சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகு பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். அந்த நாட்களில் அவர் சோளத்தைக் கையில் எடுக்கவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். காலில் வந்து உரசினால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். யார் வீட்டுக் கோழியையோ தடவிப் பார்க்கத் தெரிந்த கை, தன் வீட்டுக் கோழியிடம் போகப் பயந்தது. எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

பங்குனி முதல் செவ்வாய்க்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைத்து, நேர்ந்துவிட்ட உயிர்களைக் கொடுக்கிற நாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த முத்துவேல் கொட்டகை ஓரத்தில் சோளத்தைப் பார்த்தார். அது மண்ணைக் கிளறி, அதில் உடம்பைப் புரட்டிக் குளித்துக்கொண்டிருந்தது. அவர் தொட்டியில் கையைக் கழுவி வேட்டியில் துடைத்தார். குனிந்து எடுத்தார். அது திமிறவில்லை, வீட்டு மனுஷன்தானே என்று அடங்கி உட்கார்ந்தது. கழுத்து இறகை விரலால் ஒதுக்கினார். முனையெல்லாம் உருண்டை. சேவலுக்கு இருக்கிற கூர் ஒன்றுகூட இல்லை. இறக்கையை விரிக்கவே தேவைப்படவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரத்தில் தெரிந்துவிட்டது. மார்கழியிலும் இதே நேரம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு மூச்சு நேரத்தைக் கொடுக்காமல் போய்விட்டோமே என்று நினைத்தார்.

வாசற்படியில் கீர்த்தி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவரிடம் நேராகப் பேசாத பிள்ளை, அன்றைக்கு இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"இப்ப சொல்லு நைனா."

அவர் சோளத்தைக் கீழே விட்டார். "நாளிக்குக் கோயில்ல வச்சி சொல்றேம்மா" என்றார்.

அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கோயிலில் வைத்து, எல்லார் முன்னாலும், பூசாரி கேட்கும்போது சொல்லப்போகிறார்; அப்புறம் சோளத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி இரண்டாம்முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மஞ்சள் புடவை எவ்வளவும்மா ஆகும் என்று சுதாவைக் கேட்டாள். முத்துவேலும் சொல்லிவிடத்தான் நினைத்தார். இதை நம்பலாம். படுத்துக்கொண்டு அந்த வார்த்தைகளை மனதுக்குள் சொல்லியும் பார்த்தார்: பொட்டப்பா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவ்வளவுதானே, என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது.

மறுநாள் ஏரிக்கரையில் ஏழு குடும்பங்கள். வழக்கம்போல செங்கேணிப் பூசாரி முத்துவேலைத் தன் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். ஒவ்வொரு குடும்பமும் வர வர, இவர் பறவையைக் கையில் வாங்கி, பார்த்து, பூசாரியிடம் கொடுத்தார். "இன்னா உசுரு?" "சாவ உசுரு." ஆறுமுறை அப்படி நடந்தது. ஆறும் கார்த்திகையிலும் மார்கழியிலும் அவர் சொன்ன குஞ்சுகள், ஆறும் கொண்டையும் கால் முள்ளுமாக வளர்ந்து வந்திருந்தன. ஜனங்கள் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. ஒரு பெண், "உங்க வாக்குதாண்ணே, அப்பிடியே பலிச்சிடிச்சி" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். மோகன் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஏழாவதாகக் கீர்த்தி வந்தாள். பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். சோளத்தைக் கூடையில் கொண்டுவரவில்லை, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தாள். வழியெல்லாம் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்ததாகச் சுதா பிறகு சொன்னாள். அவளே அதை அப்பாவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

முத்துவேல் அதைப் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி வாங்கி, ஒரு கணம் கையில் வைத்துத் தயங்கினார். சிரித்தார். "உன்னிய நான் கேக்கறதாப்பா? சரி, மொற மொறதான். இன்னா உசுரு?"

அந்த இடத்தில் தவில் சத்தம் நின்றிருந்தது. பொங்கல் பானைகள் கொதிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் நிற்கிற ஆறு குடும்பமும், கல்லின்மேல் நிற்கிற மோகனும், மீசையும், பதினாறு வருஷமும் அவர் முதுகில் இருந்தன. முன்னால் மகள் நின்றாள். ராத்திரி சொல்லிப் பார்த்த வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்ததாகத்தான் இன்றைக்கும் அவர் நினைக்கிறார். ஆனால் காலையிலிருந்து ஆறுமுறை கேட்டுப் பழகிய பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"சாவ உசுரு."

வெளியே வந்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது. திரும்பப் பிடித்துவிடலாம் என்பதுபோலக் கையை அரைவாசி தூக்கினார். தவில் தொடங்கிவிட்டது. கீர்த்தி பறவையைப் பார்க்கவில்லை. கடைசிவரை அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவள் அழவில்லை. திரும்பி, வரப்பு வழியாகத் தனியாக வீட்டுக்கு நடந்தாள். பச்சைப் பாவாடை அறுத்த நெல் தாளுக்கு நடுவே போவது ரொம்ப தூரம் தெரிந்தது.

தலை பூசாரிக்கு, உடல் வீட்டுக்கு. நேர்ந்த உயிரைச் சமைத்து, நோவிலிருந்து எழுந்த பிள்ளைக்கு முதல் வாய் கொடுக்க வேண்டும் என்பது முறை. சுதா புழக்கடையில் உட்கார்ந்து இறகு நீக்கி, மஞ்சள் தடவி, வயிற்றைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். போனார். ஒரு பூவரச இலையை அவர் முன்னால் நகர்த்திவைத்தாள். இலையின் நடுவே, நொய்யரிசியை ஈரத்தோடு ஒரு சிட்டிகை எடுத்து வைத்த மாதிரி, வெளிர்மஞ்சளாகச் சின்னஞ்சிறு மணிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் ஒவ்வொன்றாகப் பருத்து முட்டையாகியிருக்க வேண்டியவை.

"கைல எடுத்துப் பாருங்க. இத்தயாச்சும்" என்றாள் சுதா.

அவர் எடுக்கவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "நான் இத்த ஆக்க மாட்டேன். சாமி குத்தமோ இன்னாவோ, என் தலையில விடியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முத்துவேல் மண்வெட்டியை எடுத்துத் தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். ஒரு கோழிக்கு வேண்டியதைவிட ரொம்ப ஆழமாக வெட்டினார். நிறுத்த மனம் வரவில்லை.

அதற்கப்புறம் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெண் உயிர் வாங்காத சாமிக்குத் தெரிந்தே கொடுத்துவிட்டோம். பிள்ளையின் பேரில் கொடுத்ததை அம்மன் பிள்ளையின் பேரிலேயே திருப்பிக் கேட்டால்? கீர்த்தி ஒரு தும்மல் போட்டால் நெற்றியில் கைவைத்துப் பார்க்க ஓடுவார். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். ராத்திரியில் கொசுவர்த்தி அணைந்துவிட்டதா என்று இரண்டுமுறை எழுந்து பார்ப்பார். தண்ணீர்த் தொட்டிகளையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவைத்தார். பொறுக்க மாட்டாமல் பத்தாம் நாள் பூசாரி வீட்டுக்குப் போனார். பூசாரி கட்டிலில் உட்கார்ந்து நெல் அறுவடை மிஷின்காரருக்குக் காத்திருந்தார். முத்துவேல் சுற்றி வளைத்து, தட்டித் தடுமாறி, கடைசியில் சொல்லிவிட்டார். பூசாரி திடுக்கிடுவார், திட்டுவார், பரிகாரம் சொல்வார் என்று எதிர்பார்த்தார்.

"எனுக்குத் தெரியும்பா" என்றார் செங்கேணி. "கைல வாங்கும்போதே தெரிஞ்சிடிச்சி. எத்தினி கோயி புடிச்ச கை இது. நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ சாவன்னு சொன்னப்புறம் நான் இன்னாத்த சொல்றது?"

அம்மனுக்குப் புடவை சாத்திவிடலாம் என்று பூசாரி பொதுவாகச் சொன்னார். மறுவாரமே முத்துவேல் சாத்தினார். மனசு ஆறவில்லை. அம்மனிடம் சொல்லிவிடலாம், பூசாரியிடம் சொல்லிவிடலாம். பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது, அவளுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே தெரியுமே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். தெரிந்திருந்தும் அவள் அவரைத்தானே கேட்டாள் என்பது உடனே ஞாபகம் வந்து அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது.

குஞ்சோடு வருகிறவர்களிடம் "கண்ணு மங்கிடிச்சிப்பா, வேற யார்னா பாரு" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். வந்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் மரியாதையாகப் பேசினார்கள். உத்திரமேரூர்ச் சந்தையில் ஒருநாள், நாற்பது குஞ்சுகள் இருந்த கூடைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சந்தேகமே இல்லாத ஒரு பெட்டைக் குஞ்சைப் பொறுக்கிக் கொண்டுவந்தார். கீர்த்தி வாங்கிக்கொண்டாள். மற்ற கோழிகளோடு கொண்டுபோய் விட்டாள். அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயிண்ட் வாளி கொட்டகையிலேயே கவிழ்ந்து கிடந்தது.

வைகாசியில் பள்ளிக்கூட விடுமுறை முடிகிற சமயம், ஒரு மதியம் வயலிலிருந்து திரும்பியவருக்கு வேப்பமரத்தடியில் அந்த வாளி நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. உள்ளே புதிதாகச் சாக்கு விரித்திருந்தது. பக்கத்தில் கீர்த்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் இருபது நாள் குஞ்சு ஒன்று, சாம்பல் நிறம், கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு. தேவகி வீட்டில் பொரித்ததாக இருக்கும். அவள் அதனிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை அவர் கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

முத்துவேல் தொட்டியில் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவள் எதிரே போய்க் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார்.

கீர்த்தி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு குஞ்சை இடது உள்ளங்கையில் அடக்கி, இறக்கை இரண்டும் வால்பக்கமும் அவர் கண்ணுக்குத் தெரியாதபடி, வலது கையை அதன்மேல் கூடு போலக் கவிழ்த்து மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் நீட்டிய கையில் தண்ணீர் இன்னும் முழுதாக உலரவில்லை.